தட்டக எரிமலைகளும் கவசத்தின் வெப்பமும்

எரிமலை என்னும் பெயர் கண்ணுக்குத் தோன்றும் காட்சி பற்றி வந்தது. உண்மையில் அம்மலையில் எரிவது யாதும் இல்லை. உருகிய பாறைக்குழம்பு நிலப்பிளவின் வழியே மேல்வந்து வழிகின்றது. இப்பெயரோடு மற்றொரு பிழைபட்ட எண்ணமும் பலரிடத்து உண்டு. மேலோட்டின் அடியில் குழம்புக் கடல் ஒன்று பரந்து கிடக்கின்றது என்பதே அது. மேலோட்டிற்குக் கீழ் ஏறத்தாழ 2900 கி.மீ. ஆழம்வரை உள்ள பகுதியைக் கவசம் என்பர். நிலநடுக்கத்தால் எழும் குறுக்கலைகள் நீர்மத்தினூடே செல்லா, கவசத்தினூடே செல்கின்றன. ஆதலின் கவசம் திண்ணிய பாறையே என்பது பெறப்படும். ஆண்டுக்குச் சில செ.மீ. அளவில் மெல்லப் பெயரும் இயல்பு உண்மையின், அதனை நீர்மம் எனல் பொருந்தாது.

அற்றேல், அப்பாறை உருகுவது எங்ஙனம்? உருகுதற்குக் காரணம் வெப்பம் என்பது அடுப்பறிந்த அறிவு. கவசத்திலோ அழுத்தமும் உடன்நின்று வினை செய்கின்றது. உயர்மலையில் அழுத்தம் குறைதலின் நீர் 100 பாகைக்கு முன்னரே கொதிப்பது போல, ஆழத்துப் பாறை மேலெழுந்து அழுத்தம் நீங்கப் பெறுங்கால், புறத்திருந்து வெப்பம் சேராமலே உருகத் தொடங்கும். கவசப் பாறையாகிய பெரிடோடைட் நிலமட்டத்தில் ஏறத்தாழ 1120 பாகை செல்சியசில் உருகத் தொடங்கும், 60 கி.மீ. ஆழத்திலோ ஏறத்தாழ 1370 பாகை வேண்டும். ஆழத்துப் பாறையை உருகவிடாது மேலே கொணர்ந்தால் நிலமட்டத்தில் அது கொண்டிருக்கும் வெப்பநிலையை ஈண்டு உள்ளுறை வெப்பநிலை என்று வழங்குவோம். நடுக்கடல் முகடுகளின் கீழ் அது 1350 பாகையை ஒட்டியது. அங்குப் புவித்தட்டுகள் விலகுதலின், கவசம் 60 கி.மீ. எல்லையைக் கடந்து மேலேறி உருகுதற்குத் தடையில்லை.

தட்டுகளின் ஓரத்தன்றி அவற்றின் அகத்தே எழும் மலைகளைத் தட்டக எரிமலைகள் என்கின்றோம். அவற்றுள் தலைசிறந்தவை ஹவாய்த் தீவின் மௌனா லோவா, கிலாவேயா என்பன. அவை நிற்கும் பசிபிக் தட்டின் தடிப்பு ஏறத்தாழ 90 கி.மீ. எழுகின்ற கவசத்தை அத்தட்டு மூடிபோல் நின்று அவ்வாழத்திலேயே தடுத்துவிடும். 1350 பாகையுடைய உலர்ந்த கவசம் 60 கி.மீ. எல்லையை எய்தாமலே நின்றுவிடுமாதலின், அங்குக் குழம்பு தோன்ற வழியில்லை. ஆயினும் உலகின் மிகப் பெரிய எரிமலைகளுள் ஒன்று அங்கே நிற்கின்றது. உள்ளுறை வெப்பநிலை 1550 பாகையை ஒட்டியிருப்பின் இம்முரண் நீங்கும். அத்தகைய பாறை 130 கி.மீ. ஆழத்தினும் கீழேயே உருகத் தொடங்கிவிடும். 1963-இல் தூசோ வில்சன் கூறிய வெப்பப் புள்ளிக் கொள்கைக்கும், 1971-இல் ஜேசன் மார்கன் கூறிய கவசத்தாரைக் கொள்கைக்கும் இதுவே உயிர்நிலை.

இவ்வெப்பத்தை அளந்தறியுமாறு யாது? எரிமலை வாயில் கருவியை நீட்டினால் பயனில்லை. கிலாவேயாவின் குழம்பு வெளிப்படுங்கால் 1150 பாகையளவே காட்டும். வரும் வழியிலேயே அது குளிர்ந்துவிட்டது. ஆய்வாளர் நாடுவது ஒலிவின் என்னும் பசிய படிகத்தை. குழம்பில் மக்னீசியம் மிகுந்தோறும் அதன் வெப்பமும் மிகும். ஒலிவினும் குழம்பும் மக்னீசியத்தையும் இரும்பையும் தம்முள் பங்கிட்டுக் கொள்ளும் விகிதம் ஏறத்தாழ மாறாதது என்பதனை 1970-இல் ரோடரும் எம்சிலியும் காட்டினர். எனவே படிகத்தின் கூறுகளை அளந்து, அது பிறந்த குழம்பின் கூறுகளை உய்த்துணர்ந்து, அதன்வழி வெப்பத்தைக் கணிக்கலாம். உருகுதற்குச் செலவான வெப்பத்தையும் கூட்டிக்கொள்ளல் வேண்டும். சிதைந்த ஏட்டில் எஞ்சிய சொற்கொண்டு மூலபாடத்தைத் துணியும் பதிப்பாசிரியர் பணியை இது நிகர்க்கும். அவரைப் போலவே இவரும் ஊகத்தின் துணையை முற்றும் விட இயலாது. ஒலிவினில் கலந்துள்ள அலுமினியத்தின் அளவைக் கொண்டு கணிக்கும் முறை அவ்வூகத்தைப் பெரிதும் குறைத்தமையின், அதனையே யாம் மிக்க வலியுடையதாகக் கொள்கின்றோம். இம்முறைகள் ஹவாயின் கவசம் முகடுகளின் கீழுள்ளதைவிட 150 முதல் 250 பாகைவரை மிகுந்த வெப்பமுடையது என்னும் முடிவையே பெரும்பாலும் தருகின்றன.

ஈண்டு ஒரு தடை எழுப்பப்படும். ஹவாயில் உருகுவது பெரிடோடைட் மட்டுமோ? பழங்கடல்தரை கவசத்துள் அமிழ்ந்து மாறிய பைராக்சினைட் என்னும் பாறையும் உருகுகின்றதென 2005-இல் சோபொலெவ் முதலியோர் கூறினர். அது குறைந்த வெப்பத்திலேயே உருகும் இயல்பினது. இதனை ஏற்பின், குழம்பு மிகுதியாக வருதல் ஒன்றையே கொண்டு வெப்ப மிகுதியைத் துணிதல் கூடாது. படிகச் சான்றோ இத்தடையால் முற்றும் வீழ்வதன்று.

வன்மையான எதிர்ச்சான்று வேறிடத்தே உளது. ஜப்பானுக்குக் கிழக்கே, பசிபிக் தட்டு ஆழ்கடல் அகழியுள் இறங்குமுன் வளையும் இடத்தில், மிகச் சிறிய எரிமலைகள் சில உள்ளன. 2006-இல் ஹிரானோ முதலிய ஆய்வாளர் இவற்றை விளக்கினர். அங்குத் தட்டு 13 கோடி ஆண்டுப் பழமையுடையது, தடித்துக் குளிர்ந்தது. கவசத்தாரை அங்குக் காணப்படவில்லை. உப்புச் சேர்ந்த பனிக்கட்டி முன்னரே உருகுதல் போல, கரியமில வாயுவும் நீரும் சேர்ந்த கவசம் மிகுவெப்பமின்றியே சிறிதளவு உருகும். தட்டு வளையுங்கால் உண்டாகும் வெடிப்பின் வழியே அச்சிறுகுழம்பு மேலேறுகின்றது. இவற்றுக்குப் பெயரிட்டோர் வெப்பம் என்னும் சொல்லை நீக்கி, பிரெஞ்சு மொழியில் சிறுமை குறிக்கும் சொல்லை அவ்விடத்தில் வைத்துப் 'பெத்தி ஸ்பாட்' என வழங்கினர்.

தமிழில் தட்டகத்து எரிமலைகள் அனைத்தையும் வெப்பப் புள்ளிகள் என்று எழுதும் வழக்கம் பரவியுள்ளது. ஆராய்ந்து காணவேண்டிய முடிவைப் பெயரிலேயே வைத்துவிடுதலின் அதனை யாம் உடன்படோம். இடம் பற்றிய தட்டக எரிமலை என்பதனைப் பொதுச்சொல்லாகவும், வெப்பப் புள்ளி என்பதனை ஹவாய் போலப் படிகங்கள் சான்று பகர்ந்த இடங்களுக்கே உரிய சிறப்புச் சொல்லாகவும் வகுத்துக்கொள்ளல் தகும்.