பல் விழுந்த சோளக்கதிர்

மெரினாவில் தணலில் வாட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்ட எலுமிச்சை மூடியால் தேய்த்துத் தருகிறார்களே, அந்த மக்காச்சோளக் கதிர்களில் சிலவற்றில் மணிகள் வரிசை பிசகாமல் நிறைந்திருக்கும். சிலவற்றில் நடுநடுவே பல் விழுந்தாற்போல் இடைவெளி. நுனியில் இரண்டு விரற்கடைக்கு மணியே இருக்காது. பூச்சி தின்றிருக்கும், உரம் போதாமல் போயிருக்கும் என்று வாங்கியவர் நினைத்துக்கொள்வார். சில நேரம் அதுவும் உண்மைதான். ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு. அந்த இடத்திலிருந்த சூலுக்கு மகரந்தம் வந்து சேரவில்லை.

சோளத்தட்டையின் உச்சியில் விரியும் கொண்டை முழுக்க ஆண் பூக்கள். தட்டையின் நடுவே, இலைக் கக்கத்தில் வரும் கதிர் பெண் பூக்களின் தொகுப்பு. கதிரை உரிக்கும்போது குப்பையென்று பிய்த்தெறிகிற மெல்லிய நார்கள்தான் இதில் முக்கியமானவை. ஒவ்வொரு நாரும் ஒரு சூலகத்திலிருந்து நீண்டு வெளியே எட்டிப் பார்ப்பது. ஐந்நூறு மணி உள்ள கதிரில் குறைந்தது ஐந்நூறு நார்கள் இருந்திருக்கும், ஒவ்வொன்றின் மேலும் காற்றில் மிதந்து வந்த மகரந்தத்துகள் ஒன்றாவது ஒட்டியிருக்கும். ஒட்டிய துகள் சும்மா இருப்பதில்லை. முளைத்து, மிக நுண்ணிய குழாய் ஒன்றை நாருக்குள் விடுகிறது. ஒரு சாண் தூரம் இருந்தாலும் ஏறத்தாழ ஒரே நாளில் அந்தக் குழாய் சூலைத் தொட்டுவிடும். கதிரின் அடியிலுள்ள நார்கள் முதலில் வெளிவரும், நுனியிலுள்ளவை கடைசியில். அதற்குள் கொண்டைகள் மகரந்தத்தை உதிர்த்து முடித்துவிட்டாலோ, வெயில் கொளுத்தி நார்கள் காய்ந்துவிட்டாலோ நுனி பொக்கைதான்.

ஆக, ஒரு கதிர் என்பது ஒரே நிகழ்ச்சியின் விளைவு அல்ல. நூற்றுக்கணக்கான கருவுறுதல்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக. பக்கத்துப் பக்கத்து மணிகளுக்குத் தாய் ஒன்று, தந்தை வேறு வேறாக இருக்கலாம்.

செடிகளுக்கு ஆண், பெண் உண்டு என்பது உழவர்களுக்குப் புதிய செய்தி இல்லை. ஆண் பனை, பெண் பனை என்று பிரித்துச் சொல்லாத பனையேறி கிடையாது. அதைச் சோதனை செய்து எழுதிவைத்தவர் ஜெர்மனியின் டியூபிங்கன் நகரத்து மருத்துவப் பேராசிரியர் ருடால்ஃப் கமராரியஸ். 1694இல் அவர் எழுதிய நீண்ட கடிதத்தில் நம் ஊர்க் கொல்லையில் நிற்கும் ஆமணக்கும் வருகிறது. ஆமணக்குப் பூங்கொத்தில் ஆண் பூக்கள் கீழே, பெண் பூக்கள் மேலே. ஆண் பூக்களை விரியும் முன்பே கிள்ளியெறிந்தார், நல்ல விதை பிடிக்கவில்லை. மக்காச்சோளத்தில் நார்களை நறுக்கிப் பார்த்தார், கதிர் வெறுமையாக நின்றது. மகரந்தம் வெறும் பொடி அல்ல, அது இல்லாமல் விதை இல்லை என்று துணிந்து சொல்ல அவருக்கு இவ்வளவு போதுமானதாக இருந்தது.

மாடித்தோட்டம் போடுகிறவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. பரங்கிக்கொடி பூவாய்ப் பூக்கிறது, பூவெல்லாம் கொட்டுகிறது, பிஞ்சு பிடிக்கவில்லையே என்பார்கள். முதல் சில நாட்களில் பதறத் தேவையில்லை. பரங்கி, பூசணி, பீர்க்கு, புடலை எல்லாமே பொதுவாக ஆண் பூக்களை முதலில் விடுகிறவை. அவை மலர்ந்து உதிர்வது இயல்பு. பெண் பூவைக் கண்டுபிடிப்பதும் எளிது. பூவுக்குப் பின்னால் குட்டிக் காய் ஒன்று மொட்டிலேயே தயாராக இருக்கும். மகரந்தம் கிடைத்தால் அது பருக்கும், கிடைக்காவிட்டால் மஞ்சளாகிச் சுருங்கி விழும். மார்கழிக் கோலத்தில் சாணி உருண்டை மேல் செருகும் பரங்கிப்பூவைப் பிஞ்சில்லாத ஆண் பூவாகப் பார்த்துப் பறித்தால் காய்க்கு நட்டமில்லை. எல்லாவற்றையும் பறித்துவிடாதவரை.

நேரமும் ஒரு சிக்கல். பரங்கிப்பூ விடியலில் விரிந்து உச்சிப்பொழுதுக்குள் மூடிக்கொள்ளும். தேனீக்களின் வேலைநேரம் அது. பீர்க்கம்பூவோ சாயங்காலம்தான் விரியும். ஓரத்தில் வெள்ளை நூல் பிரிந்து தொங்கும் புடலம்பூ இருட்டிய பிறகு வரும் அந்துப்பூச்சிகளுக்காக. நான்காவது மாடியில், சுற்றிலும் சிமென்ட்டாக இருக்கும் இடத்தில் இந்த விருந்தாளிகள் வருவதில்லை. அப்போது மனிதர்தான் அந்த வேலையைப் பார்க்க வேண்டும். அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் சூல்முடியில் தடவினால் போதும். பரங்கிக்குக் காலை எட்டு மணிக்குள், பீர்க்குக்கு விளக்கு வைக்கும் நேரத்தில். அரைகுறையாகத் தடவினால் காயும் அரைகுறையாகவே வரும். விதைப் பிடிப்பு ஒரு பக்கம் குறைந்தால் அந்தப் பக்கம் சதை பருக்காது. சந்தையில் ஒரு முனை பருத்து மறுமுனை சூம்பிய வெள்ளரிகள் பலவற்றின் கதை இது. சீத்தாப்பழத்தில் இன்னும் வெளிப்படை. அதன் ஒவ்வொரு கண்ணும் ஒரு தனிச் சூலகம். அந்தப் பூ முதலில் பெண்ணாக இருந்து பிறகு ஆணாக மாறும். மகரந்தம் சுமப்பவை மிகச் சிறிய வண்டுகள். அவை சரியாக வராத பூவில் பழம் ஒரு பக்கம் சப்பையாகிவிடும்.

மகரந்தக்குழாயை நுண்ணோக்கியில் முதலில் கண்டவர் இத்தாலியின் ஜொவான்னி அமிச்சி. 1820களில், பருப்புக்கீரையின் பூவில். அது சூலுக்குள் போய் என்ன செய்கிறது என்பது தெளிவாக மேலும் முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. 1898இல் செர்கேய் நவாஷின் லில்லிக் குடும்பச் செடிகளில் பார்த்தது யாரும் எதிர்பாராதது. குழாய் கொண்டுவருவது ஓர் ஆண் அணுவை அல்ல, இரண்டை. ஒன்று முட்டையணுவோடு சேர்ந்து கருவாகிறது. மற்றொன்று சூலின் நடுவிலுள்ள இரண்டு உட்கருக்களோடு சேர்ந்து, அந்தக் கருவுக்கு உணவாகப்போகும் கருவூணைத் தோற்றுவிக்கிறது. வெள்ளை மக்காச்சோளத்தின் மேல் மஞ்சள் ரக மகரந்தம் விழுந்தால் அதே கதிரில், அதே பருவத்தில் மஞ்சள் மணிகள் தெரிவது அதுவரை புதிராக இருந்தது. மணியின் மாவுப்பகுதிக்கும் தந்தை உண்டு என்றதும் புதிர் அவிழ்ந்தது.

அரிசிச் சோறு, கோதுமை மாவு, தேங்காய்ப் பத்தை எல்லாம் இந்த இரண்டாவது சேர்க்கையின் விளைச்சலே. மனித குலம் பெரும்பகுதி செடிக்கருவுக்கு வைத்த சாப்பாட்டைத்தான் தின்று வாழ்கிறது. இளநீர் வெட்டுபவர் “தண்ணியா, வழுக்கையா?” என்று கேட்பாரே, அவர் கேட்பது கருவூண் எந்தக் கட்டத்தில் வேண்டும் என்பதுதான். முதலில் அது உட்கருக்கள் சுவரின்றி மிதக்கும் நீர். பிறகு ஓட்டின் உட்புறத்தில் செல்கள் படிந்து வழுக்கையாகிறது, முற்றினால் பருப்பு. கருவை வளர்க்கவென்றே உண்டான நீர் என்பதால் 1941இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஊமத்தையின் இளங்கருக்களைத் தனியே எடுத்துத் தேங்காய்நீர் கலந்த ஊடகத்தில் வளர்த்துக் காட்டினார்கள். திசு வளர்ப்புக் கூடங்களில் அதற்கு இன்றும் இடமுண்டு.

இத்தனை ஏற்பாட்டையும் ஓரங்கட்டிய பழம் ஒன்று நம் வீட்டிலேயே தார் தாராகத் தொங்குகிறது. நாம் உண்ணும் வாழை மகரந்தத்துக்குக் காத்திருப்பதில்லை. கருவுறாமலேயே காய் பருக்கிறது. பழத்தின் நடுவில் தெரியும் கறுப்புப் புள்ளிகள் விதையாகாமல் போன சூல்கள். தின்பவருக்கு வசதி, வாழைக்கு ஆபத்து. பக்கக் கன்று வழியாகவே பெருகுவதால் ஒரு ரகத்தின் எல்லா மரங்களும் அச்சில் வார்த்த நகல்கள். ஒன்றை வீழ்த்தும் நோய் அனைத்தையும் வீழ்த்தும். உலகச் சந்தையை ஆண்ட குரோஸ் மிஷெல் ரகத்தைச் சென்ற நூற்றாண்டின் நடுவில் பனாமா வாடல் நோய் அப்படித்தான் சந்தையை விட்டு விரட்டியது.

புது ரகம் வேண்டுமென்றால் மறுபடி மகரந்தத்திடம்தான் போக வேண்டியிருக்கிறது. இந்தியாவில் வாழைக் கலப்பினப் பணி 1949இல் ஆடுதுறையில் தொடங்கியது. வாழைப்பூவின் மடலைத் தூக்கி, உள்ளிருக்கும் பெண் பூக்களில் ஒவ்வொன்றாக மகரந்தம் தடவி, பழம் முற்றியதும் பிசைந்து விதை தேடும் வேலை அது. பல தார்களைப் பிசைந்தும் விதை கிடைக்காமல் போவதுண்டு. கிடைத்தாலும் எல்லாம் முளைப்பதில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ‘கோ 1’ ரகம் இந்தப் பொறுமைக்குப் பிறந்தது. மலையில் விளையும் விருப்பாட்சியின் சுவையைச் சமவெளிக்குக் கொண்டுவர முயன்ற அந்த ரகத்தின் முன்னோர்களில், பழமெல்லாம் கல் போன்ற விதையாக இருக்கும் காட்டு வாழை ஒன்றும் உண்டு.