தீர்ப்புச் சொல்லாத நண்பர்கள்

நோயுற்றவரைக் காண வருவோர் பெரும்பாலும் மூன்று கேள்விகளோடு வருகின்றனர். என்ன ஆயிற்று, மருத்துவர் என்ன சொன்னார், எவ்வளவு செலவாயிற்று என்பனவே அவை. வருகின்ற ஒவ்வொருவருக்கும் இம்மூன்றிற்கும் விடை கூறியே நோயாளி களைத்துப் போகிறார். அதன்பின் தொடங்குவது தீர்ப்பு. "அப்போதே சர்க்கரையைக் கட்டுப்படுத்தியிருக்கலாமே", "பீடியை விடு விடு என்று எத்தனை முறை சொன்னேன்", "பெரிய ஊருக்கு அழைத்துச் சென்றிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது" என்றெல்லாம் அன்பின் பெயராலேயே சொல்லப்படுகிறது. சொன்னவர் எழுந்து போய்விடுகிறார். படுத்திருப்பவர் அச்சொற்களோடு இரவைக் கழிக்கிறார்.

பொம்மிடி, பொ.மல்லாபுரம், பாப்பிரெட்டிப்பட்டி போன்ற ஊர்களில் நோயாளியைப் பார்க்கச் செல்வது ஒரு கடமையாகவே கருதப்படுகிறது. சேலத்திற்கு இரயிலேறியோ தருமபுரிக்குப் பேருந்தேறியோ அரைநாள் வேலையை விட்டுவிட்டுச் செல்கின்றனர். அவ்வளவு முயன்று வருகின்ற நண்பர் நோயாளியிடம் எதைப் பேசுவது, எதைத் தவிர்ப்பது என்பதைப் பற்றியே இக்கட்டுரை.

நட்பும் உடல்நலமும்

நட்பின் பயனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். நட்பையும் அதன் நன்மை தீமைகளையும் விளக்கத் திருவள்ளுவர் 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்களை ஒதுக்கினார். இன்று தருமபுரி என வழங்கும் பகுதியே சங்ககாலத்துத் தகடூர். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, நெடுநாள் வாழவைக்கும் என்று கருதப்பட்ட நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையாருக்கு ஈந்தான் என்பதைப் புறநானூறு வழியே அறிகிறோம். அரசனுக்கும் புலவருக்கும் இடையே நிலவிய அந்நட்பு இம்மண்ணுக்கு உரியது.

இக்காலத்து ஆய்வுகளும் இதனை வேறு வகையில் உறுதிசெய்கின்றன. 2010 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 148 ஆய்வுகளில் பங்கேற்ற 3 இலட்சத்திற்கும் மேற்பட்டோரின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. வலுவான உறவுகளும் நட்புகளும் உடையோர், அவை குறைந்தோரைவிட உயிர்பிழைத்திருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுதல் என்று அது கண்டது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வால் வருந்துகிறார் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025 இல் தெரிவித்தது. நண்பரின் பேச்சு மருந்துக்கு மாற்றாகிவிடாது. ஆயினும் மருந்தை ஒழுங்காக உண்ணவும், நாளை எழுந்து நடக்க வேண்டும் என்று விரும்பவும் அது துணைபுரியும்.

பேசுவதற்கு ஒரு பழைய கதை

"நோயைப் பற்றிப் பேசாவிடில் வேறு எதைத்தான் பேசுவது?" என்று பலர் கேட்கின்றனர். அறுபது, எழுபது வயதைக் கடந்தவர்களிடம் பேசத் திரைப்படக் கதைகளுக்கும் பழைய வழக்குகளுக்கும் குறைவில்லை. இவை இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு வரலாறு நம் மாநிலத்தில் உண்டு.

எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வெளியாகி, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. படம் வந்த சில வாரங்களில், அதே ஆண்டு நவம்பரில், இலட்சுமிகாந்தன் என்னும் பத்திரிகையாளர் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அவ்வழக்கில் பாகவதரும் நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். அக்காலத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தில் இத்தகைய வழக்குகளை ஜூரிகள் கேட்டனர். ஜூரிகள் சட்டம் படித்தவர்கள் அல்லர்; பொதுமக்களிடையேயிருந்து தெரிந்தெடுக்கப்பட்டவர்கள். சாட்சியங்களைக் கேட்டபின், குற்றம் உண்டா இல்லையா என்று அவர்கள் சொல்ல வேண்டும். 1945 மே மாதத்தில் ஜூரியின் பெரும்பான்மையோர் குற்றவாளிகள் என்றனர். இருவருக்கும் ஆயுள் முழுவதும் நாடுகடத்தும் தண்டனை விதிக்கப்பட்டது.

வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. அம்மன்றம் வழக்கை மீண்டும் ஆராயுமாறு உயர் நீதிமன்றத்திற்குத் திருப்பியனுப்பியது. 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுதலையாயினர். ஆயினும் பாகவதருக்குத் திரையுலகில் பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை. நீரிழிவும் பிற நோய்களும் அவரை வருத்தின. 1959 நவம்பர் 1 அன்று, ஐம்பது வயது நிரம்புமுன்பே, அவர் மறைந்தார். அவருடைய பாடல்களோ இன்றும் வானொலியில் ஒலிக்கின்றன.

ஜூரி முறை நம் நாட்டில் எப்போது மறைந்தது என்பதும் நண்பர்கள் வாதிடத்தக்க பொருளே. 1959 இல் பம்பாயில் நடந்த நானாவதி வழக்கோடு அது ஒழிந்தது என்று பலர் நம்புகின்றனர். அவ்வழக்கில் ஒன்பது ஜூரிகளில் எட்டுப் பேர் கடற்படை அதிகாரி நானாவதியைக் குற்றமற்றவர் என்றனர். நீதிபதி அதனை ஏற்காமல் வழக்கை உயர் நீதிமன்றத்திற்கு அனுப்பினார். அங்கு விதிக்கப்பட்ட தண்டனையை 1961 இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆனால் சட்ட ஆணையம் அதற்கு முன்பே, 1958 இல், ஜூரி முறையைக் கைவிடலாம் என்று பரிந்துரைத்திருந்தது. 1973 ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோதுதான் அது குற்ற வழக்குகளிலிருந்து முற்றிலும் நீங்கியது. இன்று நம்மவரில் ஜூரிப் பணி செய்வோர், அமெரிக்கா போன்ற நாடுகளில் குடியுரிமை பெற்ற நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே. அவர்களுக்கு நீதிமன்றத்திலிருந்து கடிதம் வரும். வேலையை விட்டுவிட்டுப் போய் அமர்ந்து கேட்க வேண்டும். தொலைபேசியில் அழைக்கும் மகனிடம் இதைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். உடம்பு எப்படி என்ற கேள்விக்கு அப்பால் உரையாடல் நீளும்.

இக்கதையில் நோயாளியைக் காண வருவோருக்கு ஒரு பாடமும் இருக்கிறது. ஜூரி சாட்சியம் முழுவதையும் கேட்டு முடிக்கும்வரை முடிவு சொல்லலாகாது. அவ்வளவு கேட்டபின்னும் அவர் தவறக்கூடும். பத்து நிமிடம் மட்டுமே கட்டிலருகில் நிற்கும் நாம், ஒருவருக்கு நோய் வந்தது யாருடைய குற்றம் என்று சொல்லிவிட முடியுமா? நோய்க்குப் பரம்பரை, வயது, வறுமை, வேலை, தற்செயல் எனப் பல காரணங்கள் உண்டு. ஜூரியிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, பொறுமையாகக் கேட்பதை மட்டுமே. தீர்ப்பை விட்டுவிடலாம்.

அன்றாடச் செய்திகள்

பக்கவாதம் கண்டு படுத்திருக்கும் ஒருவரையும் அவரைக் காண வந்த நாற்பதாண்டு நண்பரையும் கற்பனை செய்து பார்ப்போம்.

"வாப்பா, வண்டி நேரத்துக்கு வந்துச்சா?"

"எங்க வந்துச்சு? மொரப்பூர்லயே அரைமணி நேரம் போட்டுட்டான். ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கிட்டே வந்தேன். சேர்வராயன் மேல ஒரே மேகம்."

"மழை இறங்குச்சா?"

"நேத்து ராத்திரி நல்ல மழை. உன் புளியமரத்துல ஒரு கிளை முறிஞ்சு விழுந்துருச்சு. பசங்க வெட்டி ஓரமா போட்டுட்டானுங்க. நீ வந்து எது விறகு, எது வேலிக்குன்னு சொன்னாத்தான் தொடுவானுங்களாம்."

"நான் வந்து சொல்றேன், அதுவரைக்கும் ஒண்ணும் செய்ய வேணாம்னு சொல்லு."

பிறகு நண்பர் நோயாளியின் மனைவியைப் பார்த்து, "தங்கச்சி, நீ போய்ச் சாப்பிட்டு, கொஞ்சம் காலாற நடந்துட்டு வாம்மா. ஒரு மணி நேரம் நான் இங்கதான் இருப்பேன்" என்கிறார்.

இவ்வுரையாடலில் நோய் என்ற சொல்லே இல்லை. ஆனால் புளியமரக் கிளை முடிவு செய்வோர் இன்றிக் காத்திருக்கிறது. வீட்டிலும் ஊரிலும் தம் சொல்லுக்கு இன்னும் இடமிருக்கிறது என்பதை நோயாளி அதன் வழியே உணர்கிறார். மரவள்ளிக் கிழங்கின் விலை, பட்டுக்கூடு எடுத்த கதை, பக்கத்து வீட்டுத் திருமணம் என எச்செய்தியும் இப்பணியைச் செய்யும். அச்செய்தி குறித்து அவருடைய கருத்தைக் கேட்பதே முக்கியம்.

கைக்கும் மனத்திற்கும் வேலை

நீண்ட நாள் படுக்கையில் இருப்போருக்குப் பொழுது மிகப் பெரிய சுமை. நலமாயிருந்தபோது அவருக்குப் பிடித்திருந்த பொழுதுபோக்கை இயன்ற அளவில் திரும்பக் கொண்டுவரலாம். தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம் ஆகியவற்றிற்கு ஒரு சிறு பலகை போதும். பூத்தொடுத்தல், கூடை பின்னுதல் போன்றவற்றில் விரல்கள் இயங்குகின்றன. கை வலுவிழந்தவர்கள் எதைச் செய்யலாம், எவ்வளவு நேரம் செய்யலாம் என்று இயன்முறை மருத்துவரிடம் கேட்டறிந்து தொடங்குக. பல்லாங்குழிச் சோழிகளும் பிற சிறு பொருள்களும் விழுங்குவதற்கு இடர் உள்ளவர்களிடமும் மனக்குழப்பம் உள்ளவர்களிடமும் தனியே விடப்படலாகாது.

இசை

பக்கவாதத்தால் பேச்சிழந்த சிலர், பேச இயலாத சொற்களைப் பாட்டாகப் பாடிவிடுவதுண்டு. பேச்சுக்கான பகுதி பெரும்பாலோர்க்கு மூளையின் இடப்பாதியில் இருக்க, பாடும்போது வலப்பாதியும் பங்கெடுப்பதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. இதனை அடிப்படையாகக் கொண்ட பேச்சுப் பயிற்சி முறை ஒன்று 1970-களிலேயே உருவாக்கப்பட்டது. பின்லாந்தின் எல்சிங்கி நகரில் நடந்து 2008 இல் வெளியான ஆய்வில், பக்கவாதம் கண்டவர்களுள் ஒரு பிரிவினர் இரண்டு மாதம் நாள்தோறும் தாம் விரும்பிய இசையைக் கேட்டனர். அவர்களிடம் சொல் நினைவாற்றலும் கவனமும் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தன, மனச்சோர்வும் குறைந்திருந்தது. அறுவைக்கு முன் தோன்றும் அச்சத்தை இசை தணிக்கிறது என்றும் ஆய்வுத் தொகுப்புகள் கூறுகின்றன.

எந்த இசை என்பதை நோயாளியே முடிவு செய்யட்டும். ஒருவருக்குப் பாகவதர், மற்றொருவருக்கு இளையராஜா, வேறொருவருக்குத் தெருக்கூத்துப் பாட்டு. கைப்பேசியில் பாடலை ஒலிக்கவிடும்போது காதுக்கருவி பயன்படுத்துங்கள். அடுத்த கட்டிலில் இருப்பவர் அப்போதுதான் உறங்கத் தொடங்கியிருக்கலாம். பேச்சு வராதவரோடு நீங்களும் சேர்ந்து மெதுவாகப் பாடலாம். குரல் இனிமையாக இல்லாவிடினும் கவலையில்லை.

உடனிருப்பவரை மறவாதீர்

கட்டிலருகே இரவு பகலாக அமர்ந்திருப்பவரை எவரும் நலம் விசாரிப்பதில்லை. அவருக்கும் இரத்த அழுத்தம் இருக்கலாம். தம் மாத்திரையைப் பல நாள் மறந்திருக்கலாம். நண்பர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, அவரை ஒரு மணி நேரம் விடுவிப்பதே. அவ்வேளையில் அவர் குளிக்கலாம், உண்ணலாம், தம் தோழியிடம் தொலைபேசியில் மனம்விட்டுப் பேசலாம், அழவும் செய்யலாம். உறக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஆகியவை நோயாளிக்கோ உடனிருப்பவருக்கோ தோன்றினால் உடனே மருத்துவரிடமோ செவிலியரிடமோ தெரிவியுங்கள். ஒன்றிய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416. இதனை எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம்.

காண வருவோர் கவனத்திற்கு

காய்ச்சல், இருமல், சளி இருந்தால் நேரில் வராமல் தொலைபேசியில் பேசுங்கள். வந்ததும் புறப்படும்போதும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

இளநீர், வாழைப்பழம் முதலியவற்றை வழக்கம்போல் வாங்கி வருமுன் கேட்டறியுங்கள். அவற்றில் உள்ள பொட்டாசியம் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடும். பழத்திற்குப் பதிலாக அன்றைய செய்தித்தாளைக் கொண்டுவரலாம்.

வேறொருவருக்குப் பலித்த மருந்தை இவருக்கு எடுத்துரைக்காதீர்கள். கொடுத்துவரும் மருந்தை நிறுத்தவும் சொல்லாதீர்கள். ஐயம் இருந்தால் மருத்துவரிடம் கேட்குமாறு கூறுங்கள்.

நோயாளி தாமே நோயைப் பற்றிப் பேச விரும்பினால் பேச்சை மாற்ற வேண்டாம். அவர் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள். அஞ்சுகிறேன் என்று அவர் சொன்னால், அதெல்லாம் ஒன்றுமில்லை என்று தள்ளிவிடாமல், அருகிலேயே இருங்கள்.

அவர் கண் சொருகினால் பேச்சை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் சும்மா அமர்ந்திருங்கள். பழகிய நண்பர்களுக்கு மௌனமும் பேச்சே. விடைபெறும்போது, அடுத்து எந்நாள் வருவீர்கள் என்பதைச் சொல்லிச் செல்லுங்கள். சொன்ன நாளில் வாருங்கள். படுக்கையில் இருப்பவர் அந்நாளை எண்ணிக்கொண்டிருப்பார்.