சர்வாதிகாரி போன பிறகு – 14: எல்லா ஆட்சியிலும் ஒரு நாற்காலி

1972 செப்டம்பர் 22, வெள்ளிக்கிழமை. இரவு எட்டு மணி இருக்கும். மணிலாவின் பணக்காரர்கள் கோல்ஃப் ஆடும் வாக் வாக் மைதானத்துப் பக்கம் பாதுகாப்புத் துறைச் செயலாளர் ஹுவான் போன்சே என்ரிலேயின் கார் வந்துகொண்டிருந்தது. திடீரென்று துப்பாக்கிச் சத்தம். கார் முழுக்கத் தோட்டா துளைத்த ஓட்டைகள். ஆனால் என்ரிலேவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அன்றைக்கென்று பார்த்து அவர் தன் காரில் ஏறாமல் பாதுகாவலர்களின் வண்டியில் வந்தாராம். சுட்டவர்கள் யாரும் அகப்படவும் இல்லை.

மறுநாள் மாலை அதிபர் ஃபெர்டினாண்ட் மார்கோஸ் தொலைக்காட்சியில் தோன்றினார். நாடு முழுக்க ராணுவச் சட்டம் என்றார். அவர் வாய் திறப்பதற்கு முன்பே, விடிவதற்குள், நினோய் அக்கினோ உள்ளிட்ட எதிர்க்கட்சிக்காரர்களையும் பத்திரிகையாளர்களையும் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். பத்திரிகை அலுவலகங்களுக்கும் வானொலி, டிவி நிலையங்களுக்கும் பூட்டு விழுந்திருந்தது. அமைச்சர் மீதே கை வைக்கும் அளவுக்குக் கம்யூனிஸ்ட்டுகள் துணிந்துவிட்டார்கள், இனி வேறு வழியில்லை என்று ஊருக்குக் காரணம் சொல்லப்பட்டது. மார்கோஸ் தன் நாட்குறிப்பிலும் அதையே எழுதி வைத்தார்.

இதில் ஒரே ஒரு இடறல். பிரகடனம் எண் 1081-இல் போட்டிருக்கும் தேதி செப்டம்பர் 21. காரில் குண்டு பாய்வதற்கு முந்தைய நாள்! (மார்கோஸுக்கு ஏழாம் எண் மேல் அலாதி நம்பிக்கை. 21 ஏழால் வகுபடும் என்பதற்காகவே அந்தத் தேதியைப் போட்டார் என்றும் சொல்வார்கள்.)

மார்கோஸையும் அவர் மனைவி இமெல்டாவையும் பற்றி எழுதியாகிவிட்டது. இந்த வாரம் அவர்களை ஓரமாக நிறுத்திவிட்டு, அந்தக் காரின் சொந்தக்காரரைப் பார்க்கலாம். ஓட ஓட விரட்டிய சர்வாதிகாரியின் மகனையே பிலிப்பைன்ஸ் மக்கள் எப்படி மறுபடி அதிபராக்கினார்கள் என்று கேட்டுச் சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். என்ரிலேயின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்து போனால் பாதி பதில் கிடைத்துவிடும்.

லூசோன் தீவின் வடகோடியில் இருக்கும் காகயான் மாகாணத்தில் 1924-இல் பிறந்தவர். தந்தை பெரிய வக்கீல். ஆனால் இவர் முறைப்படியான திருமணத்தில் பிறந்த பிள்ளை இல்லை. வறுமையில் வளர்ந்து, பிறகுதான் தந்தையைத் தேடிப் போய்ச் சேர்ந்தார். பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம், ஹார்வர்டில் மேற்படிப்பு. மார்கோஸ் 1965-இல் முதல் முறை ஜெயித்தபோதே கூட இருந்தவர். சுங்கத் துறை, நீதித் துறை, அப்புறம் பாதுகாப்பு என்று படிப்படியாக ஏறினார்.

மார்கோஸும் வக்கீல்தான், அதுவும் சாதாரண வக்கீல் இல்லை. தந்தையின் தேர்தல் எதிராளியைச் சுட்டுக் கொன்ற வழக்கில் தண்டிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் தனக்காகத் தானே வாதாடி, 1940-இல் உச்ச நீதிமன்றத்தில் விடுதலை வாங்கியவர். இப்படிப்பட்ட இரண்டு வக்கீல்கள் சேர்ந்து நடத்திய சர்வாதிகாரம் என்பதால் அங்கே எல்லாவற்றுக்கும் காகிதம் இருந்தது. அடித்து உதைப்பதற்கும் அரசாணை உண்டு. ராணுவச் சட்டத்தைக்கூட 1935-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் இருந்த ஒரு பிரிவைக் காட்டித்தான் கொண்டுவந்தார்கள்.

அந்த அரசியல் சட்டம் அதிபருக்கு இரண்டே முறைதான் வாய்ப்புத் தந்தது. மார்கோஸின் காலம் 1973-இல் முடிய வேண்டும். ஆகவே புதிய அரசியல் சட்டம் ஒன்று தேவைப்பட்டது. அதை மக்களிடம் ரகசிய வாக்கெடுப்புக்கு விட்டால் தோற்றுவிடலாம். என்ன செய்தார்கள்? 1973 ஜனவரியில் ஊருக்கு ஊர் ‘குடிமக்கள் சபை’ கூட்டினார்கள். 15 வயது நிரம்பிய எவரும் வரலாம். வாக்குச்சீட்டு கிடையாது, கையைத் தூக்கினால் போதும். அரிசி வேண்டுமென்பவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்டு, அதைப் படம் பிடித்துக்கொண்டார்கள் என்று இன்றைக்கும் அங்கே கதை உண்டு. ஒரே வாரத்தில் வேலை முடிந்து, ஜனவரி 17 அன்று மக்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று பிரகடனம் வந்துவிட்டது.

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஹாவெல்யானா வழக்கு என்று பெயர். பத்து நீதிபதிகளில் ஆறு பேர், இந்த ஒப்புதல் முறைப்படி நடக்கவில்லை என்று சொன்னார்கள். சரி, மனுதாரர்கள் ஜெயித்தார்களா என்றால் இல்லை. வேறொரு கேள்வியில் ஆறுக்கு நான்கு என்று மனுக்கள் தள்ளுபடி ஆயின. புதிய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதாகக் கருதுவதற்கு நீதிமன்றத் தடை எதுவும் இல்லை என்று தீர்ப்பின் கடைசி வரி சொன்னது. 1973 மார்ச் 31. நடந்தது தவறு, ஆனால் நடக்கட்டும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே எழுதிக் கொடுத்தது.

தலைமை நீதிபதி ரொபெர்த்தோ கொன்செப்சியோன் எதிர்த்து நின்ற நால்வரில் ஒருவர். தீர்ப்பு வந்த கையோடு, ஓய்வு பெற இன்னும் சில வாரங்கள் இருக்கும்போதே வெளியேறிவிட்டார். அவரை மறந்துவிட வேண்டாம், பின்னால் வருவார்.

ராணுவச் சட்டக் காலத்தில் பூட்டுக்குள் போனவர்களின் கணக்கை ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் சொல்கிறது. சிறைப்பட்டவர்கள் சுமார் 70,000. சித்திரவதைக்கு ஆளானவர்கள் 34,000. கொல்லப்பட்டவர்கள் 3,200-க்கும் மேல். இந்தக் காலம் முழுவதும் பாதுகாப்புத் துறை என்ரிலேயிடம்தான் இருந்தது.

பாதுகாப்போடு தென்னையும் சேர்ந்துகொண்டது. 1973-இல் கொப்பரை மீது ஒரு வரி வந்தது. நூறு கிலோவுக்கு 15 பெசோ. நுகர்வோருக்குத் தேங்காய்ப் பொருள்களின் விலை ஏறாமல் பார்த்துக்கொள்வதற்காக என்று ஆணையில் எழுதியிருந்தது. தோப்பில் காய் பறித்து, ஓடு பிரித்து, வெயிலில் காயவைத்து மண்டிக்குக் கொண்டுவருகிறவனிடம் பிடித்த அந்தப் பணத்தில் ஒரு வங்கி வாங்கப்பட்டது. எண்ணெய் ஆலைகள் வாங்கப்பட்டன. கடைசியில் நாட்டின் பெரிய பீர் நிறுவனமான சான் மிகேலின் பங்குகளும் வாங்கப்பட்டன. இந்தப் பணத்தை ஆண்டவர் மார்கோஸின் நெருங்கிய சகா எதுவார்தோ கொஹுவாங்கோ. என்ரிலேயின் பெயரும் தென்னை நிதி வழக்கில் சேர்ந்தே வந்தது. பங்குகளில் ஒரு பெரிய பகுதி அரசுக்குச் சொந்தம், தென்னை விவசாயிகளின் நலனுக்கே அது பயன்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2012 ஆனது. அந்தப் பணத்தை எப்படிச் செலவிடுவது என்று சட்டம் போட 2021 ஆனது. வரி கொடுத்த விவசாயிகளில் எத்தனை பேர் அதுவரை உயிரோடு இருந்திருப்பார்கள் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கொஹுவாங்கோ யார் தெரியுமா? மார்கோஸை வீழ்த்திய கோரி அக்கினோவின் ஒன்றுவிட்ட சகோதரர். பிலிப்பைன்ஸ் அரசியலில் எதிரியின் வீட்டு விருந்துக்கும் உறவுமுறை சொல்லிக்கொண்டு போகலாம்.

1983 ஆகஸ்ட் 21 அன்று நினோய் அக்கினோ விமான நிலையத்திலேயே சுடப்பட்டதையும், அவருடைய மனைவி கோரி தேர்தலுக்கு வந்ததையும் முன்பே சொல்லியிருக்கிறேன். 1986 பிப்ரவரி 7 தேர்தலில், வாக்கு எண்ணும் கணினிக் கூடத்தில் வேலை பார்த்த முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்நுட்பப் பணியாளர்கள், திரையில் தெரியும் எண்ணும் தாங்கள் பதிந்த எண்ணும் ஒன்றாக இல்லை என்று எழுந்து வெளியே வந்துவிட்டார்கள். பெரும்பாலும் இளம் பெண்கள். நேராக ஒரு தேவாலயத்தில் போய் அடைக்கலம் புகுந்தார்கள். மார்கோஸை விரட்டிய புரட்சியில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இதுதான். டாங்கிகளின் முன்னால் ஜெபமாலையோடு நின்ற கன்னியாஸ்திரீகளைத்தான் உலகம் படமெடுத்தது. ஆனால் அதற்கு இரண்டு வாரம் முன்பே, கூட்டத்தின் துணைகூட இல்லாமல், மாதச் சம்பளக்காரர்கள் சிலர் நாற்காலியை விட்டு எழுந்திருந்தார்கள்.

என்ரிலே எழுந்தது பிப்ரவரி 22 அன்று. அவருக்கு நெருக்கமான இளம் அதிகாரிகள் போட்டிருந்த ஆட்சிக் கவிழ்ப்புத் திட்டம் அதிபரின் அரண்மனைக்குத் தெரிந்துவிட்டது. கைதாவதற்கு முன் அவர் அகினால்தோ முகாமுக்குள் புகுந்துகொண்டார். ராணுவத் துணைத் தளபதி ஃபிடல் ராமோஸ் சேர்ந்துகொண்டார். கையில் சில நூறு வீரர்கள்தான். கர்தினால் ஹைமே சின் வானொலியில் பேசி மக்களை எட்சா சாலைக்கு அழைக்காமல் இருந்திருந்தால், ஓரிரு நாளில் கதை முடிந்திருக்கும். அந்த நேரத்தில்தான் என்ரிலே வாய் திறந்தார். 1972-இல் தன் கார் சுடப்பட்டது ஜோடனை என்றார். தன் வட்டாரத்தில் மட்டும் மார்கோஸுக்காக மூன்றரை லட்சம் வாக்குகள் கள்ளத்தனமாகச் சேர்க்கப்பட்டன என்றார். மறுநாள் சாலையைக் கடந்து எதிரே இருந்த கிராமே முகாமுக்குப் போனபோது, ஜனங்கள் கைகோத்து வழிவிட்டு அவரைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பதினான்கு வருடம் தங்களைச் சிறையில் அடைத்த அமைச்சரை!

25-ஆம் தேதி இரவு மார்கோஸ் குடும்பம் அமெரிக்க ஹெலிகாப்டரில் கிளம்பியது. கோரியின் அமைச்சரவையில் பாதுகாப்புத் துறை யாருக்கு? என்ரிலேவுக்கு.

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கோரிக்கு எதிரான சதியில் பெயர் அடிபட்டு நவம்பரில் பதவி போனது. 1987-இல் எதிர்க்கட்சியிலிருந்து செனட்டுக்கு ஜெயித்த இரண்டே பேரில் ஒருவரானார். 1990-இல் கலக வழக்கில் கைது, ஜாமீன். 2001-இல் அதிபர் எஸ்ட்ராடா மீதான விசாரணையில், வங்கிக் கணக்கு ஆதாரம் இருந்த உறையைத் திறக்க வேண்டாம் என்று வாக்களித்த 11 செனட்டர்களில் ஒருவர். அந்த வாக்கெடுப்புதான் இரண்டாவது எட்சா எழுச்சிக்குத் திரி வைத்தது. 2008-இல் செனட் தலைவர். 2012-இல் சொத்துக் கணக்கை மறைத்ததற்காகத் தலைமை நீதிபதி ரெனாத்தோ கொரோனாவைப் பதவி நீக்கிய விசாரணைக்குத் தலைமை தாங்கி, நாடே டிவியில் பார்க்க நீதிபதி ஆசனத்தில் அமர்ந்திருந்தார். இரண்டே வருடத்தில், தொகுதி நிதியில் 17 கோடி பெசோவுக்கு மேல் கமிஷன் வாங்கியதாகப் பெருங்கொள்ளை வழக்கு. சரணடைந்த இடம் அதே கிராமே முகாம். முதுமையையும் உடல்நிலையையும் காட்டி 2015-இல் ஜாமீன். 2024-இல் விடுதலை.

ஜோடனை என்று சொன்னாரே, அந்தக் கார் விஷயம்? 2012-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் அது உண்மையான தாக்குதல்தான் என்று எழுதிவிட்டார். 2018-இல் மார்கோஸின் மகன் பொங்பொங்கோடு கேமரா முன் உட்கார்ந்து, ராணுவச் சட்டக் காலத்தில் கருத்துக்காக யாரும் கைதாகவில்லை என்றார். சிறையிருந்தவர்கள் கொதித்தெழுந்ததும் பின்வாங்கினார். ஆனால் அந்தக் காணொளி பார்க்க வேண்டியவர்களைப் போய்ச் சேர்ந்துவிட்டது. 1986-க்குப் பிறகு பிறந்து, மார்கோஸ் காலம் பொற்காலம் என்று யூடியூபிலும் டிக்டாக்கிலும் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு, சாட்சி சொல்ல அந்தக் கால அமைச்சரே கிடைத்துவிட்டார். 2022-இல் பொங்பொங் மூன்று கோடியே பதினாறு லட்சம் வாக்குகளோடு ஜெயித்தார். பதிவான வாக்குகளில் இது பாதிக்கும் மேல். அவருடைய தலைமைச் சட்ட ஆலோசகராக நியமிக்கப்பட்டபோது என்ரிலேவுக்கு வயது 98.

அவரை வில்லனாக்கிவிட்டுத் தூங்கப் போவது எளிது. ஆனால் ஒவ்வொரு ஆட்சியும் அவரைத் திரும்பக் கூப்பிட்டதற்குக் காரணம் அந்த ஆட்சிகளில்தான் இருக்கிறது. மாகாணத்தைக் கையில் வைத்திருக்கும் குடும்பம் இல்லாமல் மணிலாவில் யாரும் பெரும்பான்மை சேர்க்க முடியாது. கோரியே தார்லாக் மாகாணத்தின் லுயிசித்தா கரும்புப் பண்ணைக் குடும்பத்து மகள். நிலம் கேட்டு 1987 ஜனவரியில் ஊர்வலம் வந்த விவசாயிகளில் 13 பேர், அவர் ஆட்சியில், அரண்மனைக்கு அருகே மெந்தியோலாவில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எட்சா சாலையில் ஜனங்கள் விரட்டியது ஒரு குடும்பத்தை. மற்றக் குடும்பங்கள் சாலையின் இரண்டு பக்கமும் நின்றிருந்தன.

எட்சா வீண் என்று நான் சொல்லவில்லை. 1987 அரசியல் சட்டத்தை எழுதிய குழுவில் கொன்செப்சியோனும் இருந்தார். அரசின் எந்தக் கிளை அதிகாரத்தை மீறினாலும் விசாரிப்பது நீதிமன்றத்தின் கடமை என்று ஒரு வாக்கியத்தைச் சேர்க்க வைத்தார். 1973-க்கு அவர் கொடுத்த பதில் அது. அதிபருக்கு ஒரே ஒரு ஆறு வருடம்தான். ராணுவச் சட்டம் போட்டால் 60 நாள்தான், நீட்டிப்பதற்கு நாடாளுமன்றம் வேண்டும். ரோத்ரிகோ துதெர்தே போன்ற ஓர் ஆள்கூட மின்தனாவோ தீவில் 2017-இல் போட்ட ராணுவச் சட்டத்துக்குத் திரும்பத் திரும்ப நாடாளுமன்ற வாசலில் நிற்க வேண்டியிருந்தது. வெள்ளத் தடுப்புப் பணிகளில் நடந்த ஊழலை எதிர்த்து 2025-இல் மணிலாவில் மக்கள் திரண்டபோது, அவர்கள் தேர்ந்தெடுத்த நாள் செப்டம்பர் 21.

அதே 1987 சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. அரசியல் குடும்ப ஆதிக்கத்தை அரசு தடை செய்யும், அதற்கான விளக்கத்தை நாடாளுமன்றம் சட்டமாக்கும் என்கிறது. அந்த நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? 2025 தேர்தலுக்குப் பிறகு, 24 பேர் கொண்ட செனட்டில் எட்டு இடங்களில் நான்கு ஜோடி உடன்பிறப்புகள். கயெத்தானோ அக்கா தம்பி, எஸ்ட்ராடாவின் இரண்டு பிள்ளைகள், வில்யார் அண்ணன் தங்கை, துல்ஃபோ சகோதரர்கள்.

என்ரிலே 2025 நவம்பர் 13 அன்று, 101-ஆவது வயதில் காலமானார். அடுத்த மாதம், குடும்ப ஆதிக்கத் தடைக்கான மசோதா ஒன்று கீழவையில் தாக்கலானது. அதைக் கொண்டுவந்த இருவரில் ஒருவர் சபாநாயகர் ஃபாஸ்தினோ டீ, இசபெலா மாகாணத்தைப் பல காலமாக ஆண்டுவரும் குடும்பத்தவர். இன்னொருவர் பெரும்பான்மைத் தலைவர் சாண்ட்ரோ மார்கோஸ். தற்போதைய அதிபரின் மகன், ஃபெர்டினாண்டின் பேரன்.

(தொடரும்)