எழுபது காலாவதித் தேதி அல்ல

“நம்ம நாட்டுல சராசரி ஆயுளே 70 தானே சார். பத்து வருஷத்துக்குப் பணம் இருந்தா போதும்.” ஓய்வு பெற்ற கையோடு இப்படிச் சொல்பவர்களைப் பார்த்து அலுத்துவிட்டது. அதற்குத் தலையாட்டி பென்ஷன் பாலிசி விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கும் ஏஜென்ட்டுகளைப் பார்த்தால் எரிச்சலே வருகிறது.

அந்த 70 பிறந்த குழந்தைக்கு உரிய கணக்கு. இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் வெளியிடும் ஆயுள் அட்டவணையில் 2016-20க்கான முதல் வரி அது. ஒரு லட்சம் குழந்தைகள் பிறப்பதாக வைத்துக்கொண்டு, இன்றைய இறப்பு விகிதப்படி ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று கழித்துக்கொண்டே போவார்கள். ஒரு வயதுக்குள் இறக்கும் சிசுவும், இளம் வயதில் விபத்தில் போனவரும் அந்தச் சராசரியைக் கீழே இழுக்கிறார்கள். நீங்கள் அறுபதைத் தொட்டுவிட்டீர்கள். அந்தக் கண்டங்களையெல்லாம் தாண்டியாயிற்று. உங்கள் வரி 60க்கு நேரே இருக்கிறது. அது இன்னும் சுமார் 18 ஆண்டு என்கிறது. அதாவது 78. அதுவும் சராசரிதான், ஏறக்குறையப் பாதிப் பேர் அதையும் தாண்டுவார்கள். பெண்களுக்கு இன்னும் கூடுதல். மனைவி நாலைந்து வயது இளையவர் என்றால், கணவருக்குப் பின் அவர் தனியாகக் கழிக்கும் ஆண்டுகளை நீங்களே கூட்டிப் பாருங்கள்.

பென்ஷன் பாலிசி எடுக்கும்போது குடும்பங்கள் ஏமாறுவது இங்கேதான். கணவர் ஆயுளுக்கு மட்டும், முதலீடு திரும்பாது என்ற ஆப்ஷனில் மாதத் தொகை சற்றுக் கூடுதலாக வரும். அதைப் பார்த்து டிக் அடித்துவிடுகிறார்கள். அவர் கண்ணை மூடிய மாதமே பென்ஷன் நின்றுவிடும், போட்ட பணமும் திரும்பாது. “நாமினி என்று என் பேர் இருக்கிறதே” என்று மனைவி கேட்பார். இந்த ஆப்ஷனில் நாமினிக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சுவதில்லை. திரும்பவும் சொல்கிறேன்: நாமினி வேறு, கூட்டு ஆயுள் பென்ஷன் வேறு. விண்ணப்பத்தில் கணவன், மனைவி இருவர் ஆயுளுக்கும் என்று இருக்கிறதா, முதலீடு வாரிசுக்குத் திரும்புமா என்ற இரண்டையும் விரல் வைத்துப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

தவறான ஆப்ஷனில் சிக்கிவிட்டீர்களா? பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் ‘ஃப்ரீ லுக்’ என்று குறிப்பிட்டு ரத்துக் கடிதம் கொடுக்கலாம். பத்திரம் வந்த கவரைக் குப்பையில் போடாதீர்கள், தேதிக்கு அதுவே சாட்சி. அந்த 30 நாள் போய்விட்டால் ஆப்ஷனை மாற்றுவது பெரும்பாலும் நடக்காது.

பொய் சொல்லி விற்றிருந்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். வாய்ப்பேச்சு எடுபடாது. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், சென்னை அண்ணாசாலையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். பாலிசி நகல், புகார் நகல், வந்த பதில் மூன்றும் கையில் இருக்கட்டும். நிறுவனத்தில் புகார் கொடுக்கும் அன்றே, உங்கள் நகலில் தேதியும் முத்திரையும் வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.