முன்சக்கரம் தரையை விடக் கூடாது

கல்லும் சரளையுமான மலைப்பாதையில் ஒரு மணி நேரம் பைக் ஓட்டி இறங்கியவரிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். மணிக்கட்டையும் முன்கையையும் காட்டுவார். "ஷாக் கல்லு மாதிரி இருக்கு" என்று ஒரு தீர்ப்பும் கூடவே வரும். பல வண்டிகளில் ஷாக்கில் பழுது எதுவும் இருக்காது. யாருடைய எடையையோ மனதில் வைத்துத் தொழிற்சாலையில் அமைத்த அளவிலேயே அது ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

அவர் ஷாக் என்று சொல்லும் முன்பக்க ஃபோர்க் கைக்குச் சுகம் தருவது உண்மைதான். ஆனால் அதன் முதல் வேலை டயரைத் தரையோடு ஒட்ட வைப்பது. டயர் அந்தரத்தில் இருக்கும் நொடியில் முன்பிரேக் பிடித்தும் பயனில்லை, ஹேண்டிலைத் திருப்பியும் பயனில்லை.

ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்கள், உள்ளே ஸ்பிரிங், கொஞ்சம் எண்ணெய்: ஃபோர்க் என்பது இதுதான். எண்ணெயால் ஆட்டத்தை அடக்கும் இந்த அமைப்பை 1935-இலேயே பிஎம்டபிள்யூ தன் ஆர்12 வண்டியில் விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. எண்ணெய் சிறு துளைகளிலும் காகிதம்போல் மெலிந்த தகடுகளுக்கு இடையிலும் நெருக்கியடித்துப் போகும்போது, குலுக்கலின் ஆற்றல் சூடாக மாறிக் கரைகிறது. எண்ணெய் இல்லாவிட்டால் வண்டி ரப்பர் பந்துபோல் குதித்துக்கொண்டே போகும்.

சரிசெய்வதை ஸ்பிரிங்கில் தொடங்க வேண்டும். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறது என்பதே முதல் கேள்வி. இதை 'சேக்' என்பார்கள். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க் முழுதாக நீண்டிருக்கும்போது குழாயில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே அளந்துகொள்ளுங்கள். பிறகு ஹெல்மெட், பூட்ஸ், பை சகிதம் ஏறி உட்காருங்கள். நண்பர் ஒருவர் அதே இடத்தை மறுபடி அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சேக். மொத்த அசைவில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை இருப்பது பொதுக்கணக்கு. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி சாதாரண மாடலின் முன்சக்கரம் 190 மி.மீ. ஏறி இறங்கும், 2023-இல் வந்த புரோ மாடலில் இது 250 மி.மீ. புரோவுக்குக் கணக்குப் போட்டால் 62 முதல் 83 மி.மீ. வரை வரும்.

அதிகம் அமுங்கினால், ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் ப்ரீலோடு திருகை இறுக்கலாம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ப்ரீலோடு ஸ்பிரிங்கைக் கடினமாக்காது. வண்டி நிற்கும் உயரத்தை மட்டுமே மாற்றும். கடைசிவரை இறுக்கியும் அளவு வரவில்லையா? அந்த ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் போதாது. மாற்றித்தான் ஆக வேண்டும்.

அடுத்து எண்ணெயின் முறை. ஃபோர்க் அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது கம்ப்ரஷன். திரும்பி நீளும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது ரீபவுண்ட். எந்தத் திருகு எங்கே இருக்கிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள். திருகை வலப்பக்கம் மெதுவாக முழுதும் மூடி, அங்கிருந்து கிளிக்குகளை எண்ணித் திறப்பதே வழக்கம். மூடும் இடத்தில் பலம் காட்டினால் உள்ளிருக்கும் ஊசி வால்வு கெடும்.

ஒரே பாதையில் ஒரே வேகத்தில் ஓட்டிப் பார்த்தால் வண்டியே சொல்லிவிடும். கல்லில் பட்டதும் முன்பக்கம் விலகி ஓடினால் கம்ப்ரஷன் கெட்டி. குதித்து இறங்கும்போது அடியில் 'டங்' என்று இடித்தால் இளக்கம். மேட்டைத் தாண்டியதும் ஹேண்டில் கையை உதைத்தால் ரீபவுண்ட் வேகம் அதிகம். அடுத்தடுத்து வரும் மேடுகளில் முன்பக்கம் கீழேயே தங்கி, போகப்போகக் கடினமானால் ரீபவுண்ட் மந்தம்: ஒரு அடியிலிருந்து எழுவதற்குள் அடுத்த அடி விழுந்துவிடுகிறது. ஒரு முறைக்கு ஒரே திருகு, இரண்டே கிளிக். இரண்டு திருகுகளைச் சேர்த்துத் திருப்பினால் பலன் எதனால் வந்தது என்று பிடிபடாது.

ஃபோர்க்குக்குள் அடைபட்ட காற்றும் ஸ்பிரிங்போல வேலை செய்யும். லடாக்கில் 5,000 மீட்டர் உயரக் கணவாய்களில் வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதிதான். சமவெளியில் அடைபட்ட காற்று அங்கே உள்ளிருந்து தள்ளும், ஃபோர்க் விறைக்கும். காற்று விடும் திருகு இருந்தால், முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திவிட்டு அதைத் திறந்து மூடுங்கள்.

சேற்றில் ஓட்டி வந்தால் ஃபோர்க் குழாயை அன்றே துடைத்துவிடுங்கள். காய்ந்த மண் ஆயில் சீலை அறுத்துவிடும். சீல் கசிந்தால் எந்தக் கிளிக்கும் உதவாது.

தொடங்கும் முன் பழைய அளவுகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். குழம்பினால் திரும்பிப் போக வழி இருக்கும். பின்னால் ஆள் ஏறினாலும் மூட்டை ஏறினாலும் மறுபடி சேக்கிலிருந்தே தொடங்குங்கள்.