பழைய வேனும் அதன் உண்மை விலையும்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழருட் பலர் சிறு வாணிகத்தால் பிழைப்பவர்கள். மும்பையில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்கு அனுப்புவோரும், தில்லியிலும் பெங்களூரிலும் அப்பளம், முறுக்கு முதலியன செய்து விற்போரும் அவர்களுள் அடங்குவர். தொடக்கத்தில் மிதிவண்டியில் ஏற்றிச் சென்ற சரக்கு நாளடைவில் பெருகுகிறது. மழையும் தூசியும் படாமல் அதனைக் கொண்டுசெல்ல, மூடிய பெட்டியுள்ள வேன் ஒன்று தேவைப்படுகிறது. புதிய வண்டிக்குக் கைப்பொருள் போதாதபோது பழைய வண்டியை நாடுகிறோம். பல ஆண்டுச் சேமிப்பு ஒரே நாளில் கைமாறும் செயல் இது. ஆதலின், பழைய வேனை எவ்வாறு சோதிப்பது, எவ்வாறு விலை மதிப்பது என்பதை இங்கே காண்போம்.

விலை என்பது விற்பவர் கேட்கும் தொகையன்று; புதிதாகப் பூசிய வண்ணம் காட்டும் தொகையும் அன்று. அதே வகையும் அதே ஆண்டும் உடைய நல்ல வண்டி அவ்வூரில் என்ன விலைக்குப் போகிறது என்பதை நான்கு இடங்களில் விசாரித்து அறியவேண்டும். நாம் பார்க்கும் வண்டியை அந்நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவை அதிலிருந்து கழித்தால் எஞ்சுவதே உண்மை விலை. கழிக்கவேண்டியவை யாவை எனக் கண்டறிவதே சோதனையின் நோக்கம்.

எனினும், கழித்தல் கணக்கில் அடங்காத குறை ஒன்று உண்டு. அது ஆவணக் குறை. தேய்ந்த டயரை மாற்றலாம்; பிறர் பெயரில் உள்ள வண்டியைப் பழுதுபார்த்து நமதாக்க இயலாது. ஆகவே, எஞ்சினைக் காண்பதற்குமுன் பதிவுச் சான்றைக் காண்பதே முறை. அதிலுள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்த எண்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கவேண்டும். எண்ணைச் சுற்றி இரும்பு தேய்க்கப்பட்ட அடையாளம் தெரிந்தால் அவ்வண்டியை அத்துடன் விட்டுவிடுவதே நலம். கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் சான்றில் இருக்குமாயின், கடன் தீர்ந்ததற்கான கடிதமும் 35-ஆம் எண் படிவமும் கைக்கு வரும்வரை முழுப்பணம் கொடுத்தல் கூடாது. வரிப் பாக்கியும் போக்குவரத்து அபராதமும் நிற்கின்றனவா என்பதையும் விசாரித்து அறிக. சரக்கு வண்டிக்குத் தகுதிச் சான்று இன்றியமையாதது. 8 ஆண்டு கடந்த வண்டிக்கு அதனை ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும்.

நம்மனையோர் தனியே எண்ணவேண்டியது மற்றொன்று உண்டு. சொந்த ஊரில் மலிவாகக் கிடைக்கும் வண்டியை வாங்கி, வாழும் ஊருக்கு ஓட்டி வரலாம் என்று பலர் கருதுகின்றனர். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை மற்றொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அங்கே புதிய பதிவெண் பெறவேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. அதற்குப் பழைய பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். புதிய மாநிலத்தின் வரியையும் செலுத்தவேண்டும். ஊரில் மிச்சமான பணம் இவ்வகையில் கரைந்துவிடக்கூடும். தில்லி வட்டாரத்து வண்டிகளைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் அங்கே ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015 ஆம் ஆண்டுகளில் ஆணையிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதனை வலியுறுத்தியது. 2025-இல் அதன் செயற்பாட்டைத் தளர்த்தியது. இத்தகைய விதிகள் மாறிவருவதால், வாங்கும் நாளில் நிலைமை யாது என்பதைப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிதல் வேண்டும்.

ஆவணங்கள் செம்மையாக இருப்பின் வண்டிக்கு வருவோம். முதலில் அடிச்சட்டத்தைக் குனிந்து பார்க்கவேண்டும். விரிசலோ, புதிதாகப் பற்றவைத்த தழும்போ தென்பட்டால், அளவுக்கு மீறிய பாரமோ விபத்தோ அதற்குக் காரணமாகலாம். ஈரத்தரையில் வண்டியை நேராக ஓட்டச்செய்து சக்கரத் தடங்களை நோக்குக. பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் வழியே செல்லாமல் ஒருபுறம் விலகினால் சட்டம் கோணியிருக்கக்கூடும்.

அடுத்தது பெட்டி. வெளியில் சிறு காந்தம் ஒன்றை ஒட்டிப் பார்க்கலாம். இரும்புத் தகட்டில் காந்தம் பற்றாத இடத்தில், வண்ணத்துக்கு அடியில் பட்டி அப்பப்பட்டிருக்கிறது என்று கொள்க. பிறகு நடுப்பகலில் உள்ளே ஏறிக் கதவைச் சாத்தச்சொல்லி நிற்கவேண்டும். இருளில் மீன்போல ஒளிப்புள்ளிகள் தோன்றினால், மழை நுழையும் வழிகள் அவையே. தரைவிரிப்பையும் அகற்றிப் பார்க்காமல் விடலாகாது. மாவும் அப்பளமும் ஏற்றுவோருக்கு எஞ்சினைப் போலவே பெட்டியும் முக்கியமானது.

எஞ்சினைக் காலையில், அது குளிர்ந்திருக்கும்போதே காணவேண்டும். நாம் வருமுன் ஓட்டிச் சூடேற்றி வைத்திருப்பின், மற்றொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புவது நன்று. நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை மிகுந்த எரிபொருளையோ அடைத்த காற்று வடிகட்டியையோ காட்டும். சூடேறிய பின்னும் நீங்காத வெண்புகை, தண்ணீர் உள்ளே கசிவதைக் காட்டக்கூடும். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியில் பால் கலந்தாற்போல் எண்ணெய் வெளுத்திருந்தால், தண்ணீர் கலந்ததென்றே கருதலாம். அது பெருஞ்செலவுக்கு அறிகுறி. கைத்தடையை இறுக்கி, உயர்ந்த கியரில் இட்டு, கிளட்சை மெல்ல விடுக. எஞ்சின் நின்றுவிட்டால் கிளட்ச் பிடிக்கிறது. நிற்காமல் ஓடினால் தேய்ந்துள்ளது. டயரின் பக்கத்தில் நான்கு எண்கள் இருக்கும். அவை 2319 எனில், அந்த டயர் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டதாகும். இறுதியாக, நாம் வழக்கமாகக் கொண்டுசெல்லும் பாரத்தை ஏற்றி, ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஓட்டிப் பார்க்கவேண்டும். காலி வண்டி தன் குறையைச் சொல்லாது. நம்பத்தக்க மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்வதற்கு ஆகும் கூலி வீண்செலவன்று.

இனிக் கணக்கு. விளக்கத்திற்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். அவ்வகை நல்ல வண்டி 3,00,000 ரூபாய்க்குப் போகிறது. விற்பவர் 2,60,000 கேட்கிறார். டயர்களுக்கு 16,000, கிளட்சுக்கு 9,000, பெட்டியின் தளத்திற்கு 20,000, வரி, காப்பீடு, தகுதிச் சான்று ஆகியவற்றிற்கு 30,000. ஆகக் கூடுதல் 75,000. கண்ணுக்குத் தெரியாத பழுதுக்கென 15,000 சேர்த்தால் 90,000 ஆகிறது. ஆகவே, நம் மதிப்பு 2,10,000 தான். இத்தாளை விற்பவரிடமே காட்டிப் பேசலாம். குறைகளைப் பெயர் சொல்லிக் காட்டும்போது பேரம் சண்டையாக மாறுவதில்லை. அவர் இணங்காவிடில், வணங்கி விடைபெறுவதே அறிவுடைமை.

விலை படிந்த பின்னும் ஒரு கடமை எஞ்சி நிற்கிறது. 29, 30 எண் படிவங்களில் கையொப்பம் பெற்று, 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்திற்கும், 14 நாட்களுக்குள் காப்பீட்டு மாற்றத்திற்கும் விண்ணப்பிக்கவேண்டும். பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. பெயரை மாற்றிக்கொள்வது விற்றவருக்கும் காப்பு, வாங்கியவருக்கும் காப்பு.

அயலூரில் நம் மொழி பேசுபவரைக் கண்டால் உள்ளம் நெகிழ்வது இயல்பே. விற்பவர் தமிழர் என்பதனால் அவரோடு அமர்ந்து காப்பி அருந்தலாம். ஆவணங்களைப் பார்க்காமல் விடலாகாது. நேர்மையாளர் எவரும் அதனைத் தவறாகக் கொள்ளமாட்டார்.