86,000 ரூபாய் எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்

திண்டுக்கல்லில் இருக்கும் என் சித்தப்பாவின் டீசல் காரில் ஒரு நாள் காலை மஞ்சள் விளக்கு எரிந்தது. கூடவே ஒரு கணக்கு: இன்னும் 800 கி.மீ. ஓடினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டிய அரை மணி நேரத்தில் எஸ்டிமேட் வந்துவிட்டது. ஆட்ப்ளூ பம்ப் போய்விட்டதாம், 86,000 ரூபாயாம். "பம்ப் மட்டும் தனியா வராது சார், டேங்கோட செட்டாத்தான் மாத்தணும்" என்றார் அட்வைசர். வாரண்டி முடிந்து நான்கு மாதம். சித்தப்பா பேனாவைக் கையில் எடுத்துவிட்டு எனக்கு போன் செய்தார்.

2020 ஏப்ரல் 1-இல் பிஎஸ்6 வந்தது. 2023 ஏப்ரலில் இருந்து, சாலையில் ஓடும்போதே புகையை அளக்கும் விதியும் சேர்ந்தது. அதனால்தான் இன்று பல டீசல் கார்களில் நீல மூடி போட்ட இன்னொரு டேங்க் இருக்கிறது. அதில் ஊற்றும் திரவம்தான் ஆட்ப்ளூ. லாரிக்காரர்கள் இதை 'யூரியா' என்றே சொல்வார்கள். 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். பம்ப் இதை அழுத்தத்தோடு புகைக்குழாய்க்குள் பீய்ச்சுகிறது. அங்கே நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு, நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாறுகிறது. பம்ப், ஃபில்டர், அளவு காட்டும் சென்சார் எல்லாவற்றையும் ஒரே கட்டாகச் செய்து டேங்குக்குள் வைத்துவிடுவதால், ஒன்று கெட்டால் மொத்தத்தையும் மாற்றச் சொல்கிறார்கள்.

ஆனால் ஸ்கேனரில் 'அழுத்தம் குறைவு' என்று ஒரு எரர் கோட் வந்தால், பம்ப் செத்துவிட்டது என்று அர்த்தமாகிவிடாது. ஃபியூஸ், ஒயரிங், அடைத்த ஃபில்டர், உப்புப் பூத்த ஊசித்துளை என்று எதுவும் காரணமாக இருக்கலாம். நைட்ரஜன் ஆக்சைடு சென்சார் கெட்டாலும் ஏறக்குறைய இதே எச்சரிக்கைதான் வரும். சித்தப்பாவின் வண்டியை நான் வெளியில் ஒரு எலெக்ட்ரீஷியன் அண்ணனிடம் கொண்டுபோனேன். பம்புக்குப் போகும் ஒயர் சாக்கெட்டை அவர் கழற்றிக் காட்டினார். தாம்பூலச் சுண்ணாம்பு காய்ந்ததுபோல் வெள்ளையாகப் படிந்திருந்தது. உள்ளே செப்புப் பின்கள் பச்சை பிடித்திருந்தன. கசிந்த திரவம் காய்ந்தால் இப்படித்தான் ஆகும். வெந்நீரில் அந்தப் படிவு கரைந்தது. சாக்கெட்டும் கசிந்த சீலும் புதிதாகப் போட்டதில் நாலாயிரத்துச் சொச்சம். எல்லோருக்கும் இப்படி முடியும் என்று சொல்லமாட்டேன். பம்பே போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். போயிருக்கிறது என்பதை அவர்கள் காட்டட்டும்.

எதையும் எழுத்தில் கேளுங்கள். ஜாப் கார்டில் என்ன எரர் கோட் வந்தது, அழுத்தம் எவ்வளவு இருந்தது, ஒயரிங் பார்த்தார்களா என்பது பதிவாக வேண்டும். 'நீங்கள் ஊற்றிய ஆட்ப்ளூ சரியில்லை' என்று சொல்லி வாரண்டியை மறுத்தால், டேங்கில் இருப்பதை உங்கள் கண் முன்னே ரிஃப்ராக்டோமீட்டரில் சோதிக்கச் சொல்லுங்கள். இதற்காகவே கேன் வாங்கிய பில்லையும், பேட்ச் எண்ணின் போட்டோவையும் வைத்திருங்கள். கழற்றிய பழைய பம்பைத் திருப்பிக் கேளுங்கள். பின்னால் அதுதான் சாட்சி. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். பில்லில் 28 என்று இருந்தால் கேள்வி கேளுங்கள்.

வாரண்டி புத்தகத்தில் எமிஷன் வாரண்டி தனியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்சூரன்ஸை நம்ப வேண்டாம். ஜீரோ டெப் பாலிசியும் விபத்துச் சேதத்துக்குத்தான், தானாகக் கெட்ட பம்புக்கு வராது.

வாரண்டி முடிந்தாலும் வழி அடைபடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், உற்பத்திக் குறைக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. முதலில் கம்பெனிக்கு மின்னஞ்சல், பிறகு 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கார் வேறு ஊரில் வாங்கியதாக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. ரிப்பேருக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. வண்டியிலேயே குறை என்ற வழக்குக்கு அதன் விலைதான் கணக்கு: 10 முதல் 20 லட்சம் வரை 400 ரூபாய். பம்பை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லியும் மனுவில் கேட்கலாம்.

செலவைப் பார்த்துப் பயந்தவர்களிடம், 'சின்ன பாக்ஸ் ஒன்று வைத்தால் போதும், ஆட்ப்ளூவே தேவையில்லை' என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். வண்டியை இப்படி மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். மிச்சமிருக்கும் வாரண்டியும் போகும். அந்தப் புகையைச் சுவாசிப்பது நம் தெருப் பிள்ளைகள்.

கி.மீ. குறையத் தொடங்கியதும் உடனே காட்டுங்கள். பூஜ்யம் ஆனபின் இன்ஜினை அணைத்தால், வண்டியைக் கட்டி இழுத்துத்தான் போகவேண்டும். ஆட்ப்ளூ கேனை வெயிலில் போட்டு வைக்காதீர்கள்: 35 டிகிரியில் அதன் ஆயுள் ஆறு மாதம்தான், நம் ஊர்க் கார் ஷெட்டில் அதற்கும் குறைவு. குழாய்த் தண்ணீரும் வயல் யூரியாவும் கலந்து செய்தது மலிவாகக் கிடைக்கும். அதில் உள்ள சுண்ணாம்பும் அழுக்கும் நேரே ஃபில்டருக்கும் ஊசித்துளைக்கும்தான் போகும்.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டுதான் அவகாசம். குறை முதலில் தெரிந்த நாளைக் காட்ட அந்த ஜாப் கார்டுதான் கைகொடுக்கும். சித்தப்பா இப்போது அதை ஆர்சி புத்தகத்தோடு சேர்த்து வைத்திருக்கிறார்.